மகளாகிவிட்ட பேத்தி

அத்தியாயம் 14

சிங்காரவேலு உயிரோடுதான் இருக்கிறார் என்பதை வருஷத்துக்கு ஒரு தடவை அரசாங்கத்திடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். மற்ற நாட்களில் அரசாங்கம் அவரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அவரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை.

இந்த வருஷம் கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் லாவண்யாவைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வைத்து, குரும்பலூரில் டவுன் பஸ் ஏறி, காலையிலேயே பெரம்பலூர் வந்து இறங்கிவிட்டார்.

இருதயம் ரொம்ப நாள் தாங்காது என்று போன வாரம் திருச்சியில் டாக்டர் சொன்னது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். வீட்டில் யாருக்கும் தெரியாது. டாக்டர் நல்ல மனுஷர், கெடு எதுவும் வைக்கவில்லை. "மாடிப்படி ஏறாதீங்க, கவலப்படாதீங்க" என்று இரண்டே விஷயம்தான் சொன்னார். குரும்பலூர் வீட்டில் மாடி கிடையாது. கவலைக்குக் கீழேயே இடம் இருந்தது.

கவலையின் பெயர் லாவண்யா. ஒன்பதாம் வகுப்பு. செத்துப்போன மகள் தமிழ்ச்செல்வி விட்டுப்போன ஒரே பிள்ளை. மருமகன் செல்லப்பன் ரெட்டிபாளையத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் மூட்டை கட்டுகிற பிரிவில் வேலை பார்த்தான். வேறு கல்யாணம் செய்துகொண்டான்; அதில் ஒரு பையன். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பான். சில தீபாவளிகள் அவனுக்கு மறந்தும் போகும். பிள்ளையை வளர்த்தது சிங்காரவேலுவும் அவர் மனைவி கமலவேணியும். அந்தச் செலவுக்குச் சம்பாதித்தது கமலவேணி மட்டும்.

கமலவேணி கிராம சுகாதார நர்ஸ். பெரம்பலூர் பக்கத்தில் அவள் ஊசிக்கு அழாத குழந்தை குறைவு. சிங்காரவேலு உடையார்பாளையத்தில் முந்திரி வியாபாரம் பார்த்தார். வியாபாரம் என்பது அவர் வைத்த பெயர். கொட்டையை வாங்கி, வறுத்து, உடைத்து, வாங்கிய விலைக்குக் குறைவாக விற்பதற்கு வேறு பெயர் இருந்தால் அது கமலவேணிக்குத்தான் தெரிந்திருக்கும். அவள் போன பிறகு அவளுடைய குடும்ப ஓய்வூதியம் இவருக்கு வருகிறது. "பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து தின்னேன். அவ போன பொறவும் எந்திரிக்கல" என்று டீக்கடையில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

இவர் கண்ணை மூடினால் அதுவும் நின்றுவிடும். பேத்திக்கு வராது. மகளாக இருந்தால் வரும் என்று யாரோ சொன்னார்கள். எனவே இரண்டு மாதத்துக்கு முன்னால், பிள்ளைக்குப் பதினைந்து முடிந்தால் தத்துக்கு ஆகாது என்பதால், பத்திர ஆபீசுக்குப் போய்ப் பேத்தியை மகளாக்கிக்கொண்டார்.

"தாத்தா, உள்ள போயி உங்கள அப்பான்னு கூப்புடணுமா?" என்று கருவூல வாசலில் கேட்டாள் லாவண்யா.

"எங்க, ஒரு தடவ கூப்புட்டு காட்டு."

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். "வரல."

"வரலன்னா வுடு. அவங்க கேட்டா தலைய மட்டும் ஆட்டு."

"கலை மாமா இனிமே எனக்கு அண்ணன். அவரு பையன் ராஜேஷுக்கு நான் அத்தை. பொங்கலுக்கு அவன் பொண்டாட்டி வந்தா என் கால்லதான் வுழுவணும்." விரல் விட்டுக் கணக்குப் போட்டவள் கடைசி விரலில் நிறுத்தினாள். "எங்கம்மா எனக்கு அக்காவாயிட்டாங்க. அது மட்டும் நல்லால்ல."

சிங்காரவேலு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

உள்ளே ஒரு சின்னப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "விரல வைங்க அய்யா."

வைத்தார். இயந்திரம் கத்தியது. வேறு விரல் வைத்தார். மறுபடி கத்தியது.

"ரேகை வுழல."

"வுழாதும்மா. முந்திரிக்கொட்ட எண்ணெய் தின்னுடுச்சு. ஒரு ஜோசியன் என் கையப் பாத்துட்டு வாங்குன காச திருப்பிக் குடுத்துட்டான்."

பெண் சிரித்துவிட்டுக் கண்ணைக் காட்டச் சொன்னாள். கண்ணைக் காட்டினார். உயிரோடு இருக்கிறார் என்று இயந்திரம் ஒப்புக்கொண்டது. திருச்சி டாக்டரை விட அது தாராளமாகத்தான் நடந்துகொண்டது.

"மறுகல்யாணம் செஞ்சுக்கலைன்னு இங்க ஒரு கையெழுத்து."

"போட்டுடறேன். பொண்ணு குடுக்கறேன்னு எவனாவது வந்திருந்தா அவனையும் சாட்சிக்குக் கூட்டியாந்திருப்பேன்."

இதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. அடுத்த மேஜை சூப்பிரண்டு அம்மாவுடையது. தலை நரைத்தவர், கண்ணாடி போட்டவர். தத்துப் பத்திரத்தை வாங்கி முதல் வரியிலிருந்து படித்தார். இவ்வளவு பொறுமையாகப் படிக்கிறாரே என்று சிங்காரவேலுவுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அந்தப் பொறுமையே பயமாகிவிட்டது.

"உங்க வூட்டம்மா தவறினது எப்பங்க?"

"போன வருஷத்துக்கு முந்துன ஆடி."

"இது எழுதுனது இந்தச் சித்திரையில."

"ஆமாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நல்ல சேதி சொன்னவர்கள் யாரையும் சிங்காரவேலு பார்த்ததில்லை.

"அய்யா, நான் சுத்தி வளைக்கல. பேத்திக்கு இதுல கெடையாது. புருஷன், பொண்டாட்டி, புள்ளைங்க. அதோட சரி."

"பேத்தி இல்லங்க, மவ. பத்திரத்துல மவள்னுதான் போட்டிருக்கு."

"உங்க மவ."

"ஆமா."

"பென்ஷன் உங்களோடது இல்லயே. அவங்களோடது. அவங்க இருந்தப்ப ரெண்டு பேருமா தத்து எடுத்திருந்தா அவங்க புள்ள. அவங்க போன பொறவு நீங்க எடுத்தா உங்களுக்கு மட்டும்தான் புள்ள. அவங்க குடும்பத்துல சேராது."

"நாங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம்னு நெனச்சிட்டிருந்தேங்க."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "எம் பையனுக்கு அவங்கதான் ஊசி போட்டாங்க. எனக்கும் மனசு கேக்கலதான். ஆனா நான் எழுதி அனுப்புனாலும் மேல இதயேதான் சொல்லுவாங்க." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போல, "பொண்ணோட சொந்த அப்பா இருக்காரா?" என்றார்.

"இருக்கான். சிமெண்ட் ஆலையில."

"பிஎஃப் புடிக்கிற வேலையா?"

"புடிக்கிறாங்க."

"அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா இருபத்தஞ்சு வயசு வரைக்கும் புள்ளைக்கு அங்கேருந்து மாசாமாசம் வரும். தத்து குடுத்துட்டா அந்த வூட்டுக் கணக்குலேருந்தும் இந்தப் புள்ள பேர எடுத்துருவாங்க. இதெல்லாம் கேட்டுட்டுத்தான் எழுதுனீங்களா?"

"அவன் கல்லு மாதிரி இருக்காங்க. அம்பது இன்னும் முடியல. அவனுக்கு என்ன வரப்போவுது." பத்திரத்தைத் தொட்டுக் காட்டினார்: "இத ரத்து பண்ண முடியாதுங்களா?"

"தத்து பண்ணா பண்ணதுதான் அய்யா. கடையில வாங்குன குக்கரா, திருப்பிக் குடுக்க." பத்திரத்தை மடித்தார். "அவங்க இருக்கும்போதே எடுத்திருக்கலாமே. ஏன் எடுக்கல?"

அந்தக் கதை உடையார்பாளையத்தில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்த அன்று நடந்தது. கூட வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி சொன்னதைக் கேட்டு, கமலவேணியே பேச்சை எடுத்தாள். பேத்தியைத் தத்து எடுத்துக்கொள்ளலாம், நாளைக்கு நமக்கு ஒன்றென்றால் இவளுக்கு ஆதரவாக இருக்கும் என்றாள். பானையை இறக்கிக்கொண்டிருந்த மகன் கலைச்செல்வன் பானையோடு அப்படியே நின்றான். அக்கா மகளைத் தங்கச்சியாக்கினால் அவன் மகன் ராஜேஷுக்கு அவள் அத்தை முறையாகிவிடுவாள். மாமன் மகன் என்கிற முறை அத்தோடு போய்விடும். பின்னால் ஒரு காலத்தில் பெண் கேட்பதென்றால் எப்படிக் கேட்பது?

லாவண்யா அப்போது பலூன் வெடித்துவிட்டதென்று அழுதுகொண்டிருந்தாள். ராஜேஷ் போனை நோண்டிக்கொண்டிருந்தான். பின்னால் வரப்போகிற காலத்தைப் பற்றி அந்த இரண்டு பேருக்கும் ஒரு அபிப்பிராயமும் கிடையாது. ஆனால் பொங்கல் சாப்பிட வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் இருந்தது. முறையை நாமே கைப்பட அறுப்பதா என்று கேட்டார்கள். சொந்தத்தில் கட்டாதீங்க, பிள்ளைக்கு ஆகாது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவந்தவள் கமலவேணி. தன் வீட்டு விஷயம் என்றதும் அவளும் இறங்கிவந்தாள். "கட்டுறாங்களோ இல்லயோ, முறை பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

முறை பத்திரமாக இருந்தது. அதை யாரும் தொடவில்லை. போன தை மாதம் ராஜேஷ் ஓசூரில் கூட வேலை பார்த்த கும்பகோணத்துப் பெண்ணை ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டான்.

இதைச் சிங்காரவேலு சுருக்கமாகத்தான் சொன்னார். சூப்பிரண்டு அம்மா வெளியூர்க்காரராக இருந்தால் இதிலென்ன இருக்கிறது என்று கேட்டிருப்பார். ஜெயங்கொண்டத்துக்காரர். கேட்கவில்லை.

"எங்க வூட்டுலயும் இதேதான் பேசியிருப்பாங்க" என்றார். "நகல்ல ரெண்டு எடத்துல கையெழுத்து போட்டுக் குடுங்க. அனுப்பி வைக்கிறேன். இல்லன்னு வரும். வந்தா மனச வுட்டுடாதீங்க."

சிங்காரவேலு இரண்டு இடத்திலும் போட்டார். லாவண்யா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தலையாட்டச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவே இல்லை.

வெளியே வந்து கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். அவள் குடித்துக்கொண்டிருக்கும்போதே கலைச்செல்வன் போன் செய்தான். அவன் அரியலூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சவாரி நேரத்தில் அப்பனுக்குப் போன் செய்கிற வழக்கம் அவனுக்கு இல்லை.

"அப்பா, பாப்பா பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா."

"கொஞ்சம் தள்ளி வாங்க."

தள்ளிப் போனார். செல்லப்பன் நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது ரோட்டோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் பைக்கைக் கொண்டுபோய் விட்டுவிட்டான். விடிகிற நேரம். அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம், அங்கே பார்த்துவிட்டு உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். சாயந்திரம்தான் உடம்பைக் கொடுப்பார்கள்.

சிங்காரவேலு திரும்பி வந்தபோது லாவண்யா தம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"யாருக்கு?"

"உங்கப்பனுக்கும்மா. வண்டியில அடிபட்டுடுச்சு."

"இருக்காரா?"

"இல்ல சாமி."

அவள் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "பஸ் எந்தப் பக்கம் தாத்தா நிக்கும்?" என்றாள்.

அரியலூர் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. மனுஷனுக்கு இடம் கிடைக்கிற நாள் பார்த்துக் கிடைக்கிறது. வெளியே உழுதுபோட்ட காடுகள் மழைக்கு வாய் திறந்துகொண்டு கிடந்தன. சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வர ஆரம்பித்த பிறகுதான் லாவண்யா பேசினாள்.

"நான் இப்ப அழுவுணும்னா அப்பாவுக்கு அழுவுணுமா, அக்கா வூட்டுக்காரருக்கு அழுவுணுமா?"

"அழுவுறதுக்கு முறை எதுவும் கெடையாதும்மா."

"எனக்கு அழுவ வரல."

"வரலன்னா வுடு."

"பத்திர ஆபீசுல அன்னிக்கு என்னயப் பாக்கவே இல்ல அவரு. எங்க கையெழுத்து போடணும்னு கேட்டாரு. போட்டாரு. பரோட்டா சாப்புட்டுட்டு வரேன்னு போயிட்டாரு. வரவே இல்ல."

சிங்காரவேலுவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. அன்றைக்கு அவருக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. மனசு மாறி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்துகொண்டிருந்தவர், கையெழுத்தானதும் வக்கீலுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். ஒரு கதவு திறந்துவிட்டது என்று நினைத்தார். திறக்காத கதவு ஒன்றுக்காகத் திறந்து கிடந்த கதவு ஒன்றைத் தன் கையாலேயே சாத்தியிருக்கிறார். முந்திரி வியாபாரத்தில்கூட இவ்வளவு சுத்தமான நஷ்டம் அவருக்கு வந்ததில்லை.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் கலைச்செல்வன் ஆட்டோவோடு நின்றான். லாவண்யாவின் தலையைத் தடவினான். அவள் "அண்ணே" என்று கூப்பிட்டு அவனைக் கேலி செய்வது வழக்கம். இன்றைக்கு "மாமா" என்று சொல்லிவிட்டுப் பின் சீட்டில் ஏறி மூலையில் உட்கார்ந்துகொண்டாள். அப்பனை முன்னால் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கலைச்செல்வன் வண்டியை எடுத்தான். இன்ஜின் சத்தத்துக்குள் குரலை அடக்கிப் பேசினான்.

"சாவு வூட்டுக்குப் போவயில பேசுற பேச்சு இல்ல இது. ஆனா இப்ப பேசலன்னா நாளைக்கு நம்மளதான் சொல்லுவாங்க. செல்லப்பன் மாமாவுக்குப் பிஎஃப் இருக்குல்ல? புள்ளைங்களுக்குப் பென்ஷன் வருமாம். ஸ்டாண்டுல பசங்க சொன்னானுங்க. பாப்பா படிச்சு முடிக்கிற வரைக்கும் கவல இல்லப்பா."

"வராதுடா."

"ஏன்?"

சூப்பிரண்டு அம்மா சொன்னதைச் சொன்னார். கலைச்செல்வன் வண்டியை ஓரம் கட்டினான். பின்னால் வந்த லாரிக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

"தத்து எடுத்தது யாருக்குத் தெரியும்?"

"உனக்கு, எனக்கு, வக்கீலுக்கு, பத்திர ஆபீசுக்கு. காலையிலேருந்து கருவூலத்துக்கும்."

"அது பெரம்பலூரு. இது அரியலூரு. வேற வேற மாவட்டம்."

"ரெண்டும் ஒண்ணா இருந்துதான்டா பிரிஞ்சுது."

"ஆலைக்காரன் எதுக்குப் பெரம்பலூர்ல போயிக் கேக்கறான்? யாராவது கேட்டா ரெண்டு புள்ளைன்னு சொல்லிடுங்க. அவ அவருக்குப் பொறந்தவதானே? பொய்யா அது?"

பொய்யா அது? சிங்காரவேலு யோசித்துப் பார்த்தார். பிறந்தது நிஜம். கொடுத்ததும் நிஜம். இரண்டு நிஜத்தில் சோறு போடுகிற நிஜத்தைச் சொன்னால் என்ன என்று தோன்றியது. பின்னால் திரும்பினார். லாவண்யா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்பது தெரியவில்லை.

"கலை, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவள நீ வச்சுக்குவல்ல?"

"என்னப்பா கேள்வி இது" என்று சொல்லி வண்டியை எடுத்தான்.

கேள்விக்குப் பதிலாகக் கேள்வி வந்தால் அது என்ன பதில் என்பது வியாபாரம் பார்த்தவனுக்குத் தெரியும். அவன்மேல் தப்பு இல்லை. ஒற்றை அறை வாடகை வீடு. ஆட்டோ பாதி அவனுடையது, பாதி பைனான்ஸ்காரனுடையது. வருகிறவள் கையில் ஏதாவது கொண்டுவந்தால் மருமகள் முகம் சுளிக்க மாட்டாள். வெறுங்கையோடு வந்தால் சுளித்துக்கொண்டே சோறு போடுவாள். பதினாலு வயதுப் பெண்ணுக்கு அந்தச் சோறு எத்தனை நாள் இறங்கும்?

ரெட்டிபாளையத்தில் பந்தல் போட்டாகிவிட்டது. உடம்பு இன்னும் வரவில்லை. செல்லப்பனின் மனைவி நர்மதா உள்ளே சுவரோடு சாய்ந்திருந்தாள். இன்னும் முப்பதைத் தொடாதவள். மடியில் மூன்று வயதுப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். சிங்காரவேலுவைப் பார்த்ததும், "அப்பா, பாத்தீங்களா" என்று கையை நீட்டினாள். இரண்டாம் தாரமாக வந்தவள் மூத்த தாரத்தின் அப்பனை அப்பா என்றுதான் கூப்பிட வேண்டுமென்று அவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்ததை அவள் இத்தனை வருஷமும் விடவில்லை. லாவண்யாவை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

பந்தலில் ஆலையிலிருந்து வந்த வைரக்கண்ணு உட்கார்ந்திருந்தார். செல்லப்பனுக்கு மேலே சூப்பர்வைசர், அதே தெருக்காரர். கெட்ட மனுஷர் இல்லை. ஆபீஸில் விவரம் கேட்டு அனுப்பியிருந்தார்கள், சீக்கிரம் எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் வரும் என்று அவரே நல்லெண்ணத்தில் பேனாவோடு வந்திருந்தார். உள்ளே வந்து வாசற்படி ஓரமாக உட்கார்ந்தார்.

"நர்மதா, உன் பேரு வருதும்மா. மறுகல்யாணம் பண்ணிக்கிற வரைக்கும் மாசாமாசம் உனக்கு."

கூட்டத்தில் ஒரு கிழவி வெடித்தாள். "நல்லா கேட்டியே நியாயத்த. பொணம் வந்து சேரல, அதுக்குள்ள அவளுக்கு அடுத்த கல்யாணமா?"

"நான் சொல்லல ஆத்தா, சட்டத்துல இருக்கு."

நர்மதா சிங்காரவேலுவைப் பார்த்தாள். "நீங்க வாங்குறீங்கல்லப்பா, அது மாதிரிதானா?"

"அது மாதிரிதாம்மா. நானே காலையில கல்யாணம் பண்ணிக்கலைன்னு எழுதிக் குடுத்துட்டுதான் வரேன்."

இரண்டு பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சாவு வீட்டிலும் இந்த மனுஷன் அடங்க மாட்டான் என்று கிழவி முணுமுணுத்தாள். வைரக்கண்ணு அடுத்தது என்ன கேட்பார் என்பது சிங்காரவேலுவுக்குத் தெரியும். நாள் முழுக்க அந்தக் கேள்வியை நோக்கித்தான் பஸ்ஸும் ஆட்டோவும் மாறி மாறி வந்திருக்கிறார்.

"புள்ளைங்க எத்தனை?"

"ரெண்டுங்க" என்றாள் நர்மதா, யோசிக்காமல். "பாப்பாவும் இவனும்."

அவளை யாரும் சொல்லச் சொல்லவில்லை. கலைச்செல்வன்கூட இன்னும் உள்ளே வரவில்லை. சிங்காரவேலுவுக்கு அந்தப் பெண்ணை எழுந்து கும்பிட வேண்டும்போல் இருந்தது.

வைரக்கண்ணு பேனாவை நிறுத்தினார். "பாப்பாங்கறது மூத்த தாரத்துப் பொண்ணா? அதத் தத்து எழுதிக் குடுத்தாச்சுன்னு செல்லப்பன் ஒரு நா சொன்னானே. லீவு கேட்டானே அதுக்கு." சிங்காரவேலு பக்கம் திரும்பினார். "அய்யா, நீங்க சொல்லுங்க. ஒண்ணா, ரெண்டா?"

சிங்காரவேலு ஆயுசுக்கும் சின்னச் சின்னப் பொய்யாக நிறையச் சொன்னவர். சொத்தைப் பருப்பை நல்ல பருப்பு என்றிருக்கிறார். வராத லாரியை வந்துகொண்டிருக்கிறது என்றிருக்கிறார். அதெல்லாம் நாக்கு தானாகச் சொன்னது. இதற்கு அவரே நாக்கைத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

"ரெண்டுதாங்க" என்றார்.

"ஒண்ணுதான் சார்."

லாவண்யாவின் குரல் சத்தமாக இல்லை. வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல் சொன்னாள்.

"பாப்பா, நீ சும்மா இரு. பெரியவங்க பேசுறோம்."

"காலையில அங்க போயி நான் உங்க மவள்னு சொன்னீங்க. சாயந்திரம் இங்க வந்து அவரு மவள்னு சொல்றீங்க. எதாவது ஒரு எடத்துல என்னய இருக்க வுடுங்க தாத்தா."

வாசலில் வந்து நின்ற கலைச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான். நர்மதா லாவண்யாவின் முழங்கையைப் பிடித்தாள். "இருக்கட்டும் பாப்பா. உனக்கும்தான் அவரு அப்பா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"எனக்கு வேணாம் சித்தி. தம்பிக்கு வரட்டும். அவனுக்கு யாரு இருக்கா? எனக்குத் தாத்தா இருக்காருல்ல."

இதைச் சொல்லிவிட்டு அவள் சிங்காரவேலுவைப் பார்த்தாள். நல்ல காரியம் ஒன்று செய்துவிட்ட பிள்ளையின் பார்வை. சுவரைக் காட்டிச் சுவர் இருக்கிறது என்பதுபோல், அவ்வளவு சாதாரணமாக அவரைக் காட்டிவிட்டாள். அவள் ஏமாளி இல்லை, கணக்குத் தெரிந்தவள். கணக்கில் ஒரு எண்ணை மட்டும் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

வைரக்கண்ணு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "இப்ப எழுதல. கருமாதி முடிஞ்ச மறுநா வரேன். அன்னிக்கு வூட்டுல எல்லாரும் கூடி ஒரே பதிலா சொல்லுங்க. ஆளுக்கு ஒண்ணு சொன்னா மூணு பேருக்கும் நிறுத்திப்புடுவாங்க. அப்பறம் இந்தப் பொண்ணும் பையனும்கூட நடையா நடக்கணும்."

தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. பெண்கள் எழுந்தார்கள். முதல் ஒப்பாரி பந்தலிலிருந்து கிளம்பி உள்ளே வந்தது. நர்மதா பையனை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடினாள். கலைச்செல்வன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாடையைப் பார்க்கப் போனான்.

சிங்காரவேலு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். கருமாதிக்குள் இவளை ரெண்டு என்று சொல்ல வைக்க வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. திருச்சி டாக்டர் சொன்னதை இவளிடம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் இவள் ஒண்ணு என்றே சொல்வாளோ என்கிற பயம்கூட அவருக்கு இல்லை. சொன்னதும் ரெண்டு என்று சொல்லிவிடுவாள். அதை நினைத்துத்தான் அவருக்கு எழுந்திருக்க முடியவில்லை. அவர் வாயாலேயே, அப்பன் பிணம் வந்து இறங்குகிற வீட்டில், நானும் இருக்க மாட்டேன் என்று இந்தப் பிள்ளையிடம் எந்த மொழியில் சொல்வது?

லாவண்யா வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். அவரது கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"எந்திரிங்க தாத்தா. இறக்கிட்டாங்க."

எழுந்தார். இரண்டு அடி வைத்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவள் மட்டும் அழாமல், தலையைச் சாய்த்து அவரது நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு அடி நடக்கல, ஏன் தாத்தா உங்களுக்கு இப்பிடி மூச்சு வாங்குது?" என்றாள்.